வெயில் படாத தோப்பு

வசந்தாமணியைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில், நாட்ராயன் கட்டுத்தறியிலிருந்து எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்தபோது, வாசலில் மகளின் நிழல் நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லை. நிழல் மட்டும், இளவெயிலுக்கு நீண்டு, தலை வேலியோரம் வரைக்கும் போய், இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து தொங்க நின்றது. எருமை அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. நாட்ராயன் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, அடுப்படியிலிருந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டு, அம்மிணி வந்திருக்கா என்றான். பாவாத்தாள் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள். நிழலின் தலைமாட்டில் உட்கார்ந்து, சடை அவிழ்ந்திருந்த இடத்தில் மண்ணை மூன்றாய்ப் பிரித்துப் பிரித்துக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் வந்தபோது நிழலுக்கு இரண்டு சடையும் ஒழுங்காக இருந்தன.

அது காங்கேயத்துக்குத் தெற்கே, வானத்தை நம்பிக் கிடக்கும் மேட்டுநிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே அவர்கள் குடியிருந்த ஓட்டுச்சாளை, சாளைக்கு முன்னால் சாணம் மெழுகிய பெரிய வாசல், அதற்கு அந்தப்பக்கம் செம்மறிப் பட்டி. மரம் என்று சொல்லிக்கொள்ளப் பட்டியோரம் ஒரு வெள்வேல மரம் நின்றது, அதன் நிழல் ஆடுகளுக்கே போதவில்லை. மூன்று ஆடியாகப் பெய்யாமல் போன மழை அந்த ஆடியில் பெய்து, மண் காலுக்கடியில் மெத்தென்று ஆகி, ஈரம் காய்வதற்குள் கடலை போட்டாக வேண்டும் என்று ஊரே காட்டில் நின்ற நாளில்தான் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. நாட்ராயன் ஏரோட்டினான். பாவாத்தாள் பின்னாலேயே ஏர்ச்சாலில் கடலைப் பருப்பைப் போட்டுக்கொண்டு போனாள், இடையிடையே சாளைக்கு ஓடிவந்து குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிவிட்டுத் திரும்ப ஓடினாள். தெற்குத் துண்டு ஒன்றுதான் மிச்சம், அதை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள். தெற்குத் துண்டு முடிந்தது. கடலை அந்த வருஷம் நன்றாக விளைந்தது.

கேதம் கேட்க வந்தவர்கள் வேலிப்படலைத் திறக்கும்போதே அழ வாயெடுத்து, வாசலில் நிற்கும் நிழலைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டியா அம்மிணி என்று கேட்டார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது. சோளம் காயப்போட வருகிறவர்கள் அவள் நிற்க இடம் விட்டுப் பரப்பினார்கள். ஆட்டு வியாபாரி, பால்காரர், மின்கம்பத்துக்கு ஏற வந்தவர், யார் வந்தாலும் வாசலின் ஓரத்தில் நின்று, சித்த நவுந்துக்க கண்ணு என்று சொல்லிவிட்டு, நிழல் நகர்ந்த பின்னால்தான் உள்ளே வந்தார்கள். ஆடுகளுக்கு மட்டும் அந்த மரியாதை தெரியவில்லை, அவை கோடையில் முட்டிமோதிக்கொண்டு அவள் மேல் படுத்துக்கொண்டன. அவளும் படுக்கவிட்டாள். சாயங்காலம் பாவாத்தாள் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது அவளுடைய நிழலின் முந்தானையை இன்னொரு சின்ன நிழல் பிடித்துக்கொண்டே வருவதை எதிரில் வருகிறவர்கள் பார்த்து, விலகி வழிவிட்டார்கள்.

காலையில் நீண்டு, ஏற ஏறக் குறுகி, உச்சிக்கு அவள் வாசல் நடுவில் வந்து நிற்கும்போது, உயிர் போன அன்று இருந்த அளவுக்கே இருந்தாள். அந்த நேரத்தில் ஊரில் எல்லோரும் உண்டுவிட்டுத் தலைசாய்த்திருப்பார்கள். பாவாத்தாள் மட்டும் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மகளின் காலடியில் தெளித்துத் தெளித்து மண்ணைக் குளிர வைத்தாள். வெந்த மண் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக விட்டது. கால் சுடுதா, கால் சுடுதா என்று கேட்டுக்கொண்டே, குடம் காலியாகும் வரைக்கும், பொழுது மேற்கே சாயும் வரைக்கும், தெளித்துக்கொண்டே இருந்தாள். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையிலும் அந்தக் குடம் ஒன்று தனியாக இருந்தது.

மேகம் மூடிய நாளில் வசந்தாமணி வரமாட்டாள். கேட்டவர்களிடம் மாமன் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நாட்ராயன் சொல்லுவான். பாவாத்தாள் வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதாவது வேலை செய்வாள். மழை தவறிய வருஷங்களில் ஊர்ப் பெண்கள் கூடி, வீடுவீடாகச் சோறு வாங்கி, மழைச்சோறு என்று ஒன்றாகப் பிசைந்து, இனி இந்த ஊரில் பிழைக்க முடியாது, பரதேசம் போகிறோம் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு எல்லை வரைக்கும் போவார்கள். பாவாத்தாள் சோறு போடுவாள், கூடப் போகமாட்டாள். அவள் மனசுக்குள் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஊர் முழுக்க மழையை வேண்டிக்கொள்ளும்போது ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்வது அவர்களுடைய காட்டையும் காயப்போடும் என்றும் தெரியும். யாரும் அவளைக் கேட்கவில்லை.

கேட்கக்கூடியவள் வடக்குத் தோட்டத்து ராமாத்தாள் ஒருத்திதான். அவளும் கேலியோடு நிறுத்திக்கொண்டாள்.

“உம் புள்ளையக் கறுப்புன்னு ஒருத்தனும் ஒதுக்க முடியாது பாவா. நெழலு எல்லாத்துக்கும் ஒரே நெறந்தான்.”

“உம் மருமவ செவப்புத்தான். வாயி எட்டு ஊருக்குக் கேக்குது. எம் புள்ள இதுவரைக்கும் ஒரு சொல்லு எதுத்துப் பேசியிருப்பாளா?” என்றாள் பாவாத்தாள்.

ராமாத்தாள் சிரித்து, அது நெசந்தான் என்று ஒத்துக்கொண்டு, போகும்போது நிழலைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வருஷங்கள் போயின. காலை நிழலுக்கு இடுப்பு ஒடுங்கியது, சடை ஒன்றாகி முதுகுக்குக் கீழே இறங்கியது. ஒருநாள் அவள் வாசல் நடுவுக்கு வராமல் கட்டுத்தறி மூலையிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாத்தாள் பார்த்தவுடன் புரிந்துகொண்டு அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். தாய்மாமன் பச்சை ஓலையோடு வந்தார். குடிசை கட்டும்போது, கூரை போட்டுவிடாதீர்கள், போட்டால் அம்மிணி எங்கே உட்காருவாள் என்று கூட்டத்தில் யாரோ நினைவாகச் சொல்ல, சுற்றிலும் ஓலை மறைப்பு மட்டும் கட்டி, மேலே திறந்துவிட்டார்கள். சீர் நல்லபடியாக நடந்தது. சாப்பிட்டுக் கைகழுவிய எல்லோரும் அதை ஒரு சாமர்த்தியமான யோசனையாகப் பேசிக்கொண்டே போனார்கள். பின்னால் பாவாத்தாள் இதைப் பலமுறை நினைத்துப் பார்த்தாள். கூரை வேண்டாம் என்று சொன்ன அதே வாய்கள், அதே ஊர், அதே தாய்மாமன்.

அதற்குப் பிறகு ஊரின் பேச்சு மாறியது. வயசுக்கு வந்த பெண்ணை எத்தனை நாள் வாசலிலேயே நிற்க வைப்பது, வருகிற போகிற ஆம்பளைகள் பார்க்கிறார்கள், செத்துவிட்டாள் என்பதற்காக அவளுக்கு நடக்க வேண்டியது நடக்காமல் போகலாமா என்றெல்லாம் அக்கறையோடு கேட்டார்கள். உயிரோடு இருக்கிற பெண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்பது போலவே தன்னிடமும் கேட்கிறார்கள் என்பதில் நாட்ராயனுக்கு ஒரு பெருமை இருந்தது. அவன் தரகரிடம் சொல்லி வைத்தான்.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பெயர் ரத்தினமூர்த்தி. வாய்க்கால் பாய்ச்சலில் பெரிய தென்னந்தோப்பு, ஊடுபயிராகப் பாக்கு, வாழை, கோகோ. பையனுடைய ஜாதகத்தில் முதல் தாரம் தங்காது என்று இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வாழைமரத்துக்குத் தாலி கட்டவைத்து, அதை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பிறகு கல்யாணம் செய்வது உண்டு. ரத்தினமூர்த்தியின் அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மரத்தைக் காட்டிக் கிரகத்தை ஏமாற்ற முடியாது, ஒரு பெண்ணாகவே இருக்க வேண்டும், ஆனால் ஒரு உயிரும் போகக் கூடாது என்று நினைத்தாள். காங்கேயத்துப் பக்கம் ஒரு பெண் இப்படி இருப்பதாகக் கேள்விப்பட்டு, தட்டத்தில் பழம், பூ, வெற்றிலையோடு வந்து, வாசலோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, நிழலைப் பார்த்து, நல்ல ஒசரமுங்க என்றாள்.

நாட்ராயன் எதையும் மறைக்காமல் பாவாத்தாளிடம் சொன்னான். செத்துப்போன புள்ளையத் தோஷம் இனி என்ன பண்ணீரும் என்றான். அவர்கள் கொஞ்ச நாள் கழித்து வேறு பெண் பார்ப்பார்கள், ஆனால் நம் பெண்தான் மூத்தவள், அந்த வீட்டு விளக்கு அவள் பெயரைச் சொல்லித்தான் எரியும் என்றான். பாவாத்தாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“காலையில பாத்துப்போட்டு வயசு வந்துருச்சுங்கறீங்க எல்லாரும். உச்சியில வந்து பாருங்க. எம் புள்ளைக்கு இன்னும் பல்லு உழுந்து மொளைக்கல.”

நாட்ராயன் மறுநாள் உச்சிக்கு வந்து பார்த்தான். அதற்கு முன் அவன் அந்த நேரத்தில் வாசலுக்கு வந்ததில்லை. ஈரமண்ணில் நின்ற சின்ன நிழலைப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சாளைக்குள் போனான். ஒரு வாரம் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு வீடு பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். போனது தாய்மாமன், ராமாத்தாள், இன்னும் நாலு பேர். அவர்கள் வந்து வாசலில் உட்கார்ந்து சொன்னதை எல்லாம் பாவாத்தாள் சோளம் புடைத்துக்கொண்டே கேட்டாள். ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் மேலே விழும் குளிர்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். மத்தியானத்தில் செருப்பில்லாமல் நடந்ததைச் சொன்னார்கள். தலைக்குத் துண்டு போடாமல் ஒரு ஆள் களை வெட்டிக்கொண்டிருந்தான் என்று தாய்மாமன் இரண்டு தடவை சொன்னார். நாம் அடுப்பில் கிடக்கிறோம் பாவா, அவர்கள் பானைத் தண்ணீரில் கிடக்கிறார்கள் என்று ராமாத்தாள் கேலி இல்லாமல் சொன்னாள். பாவாத்தாள் புடைப்பதை நிறுத்திவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவு நாட்ராயன் சொன்னான், “நாம கெடக்கற வெயிலு போதும் புள்ள. அவளாச்சும் நெழல்ல கெடக்கட்டும்.”

“கால் சுடாதுங்களா அங்க?” என்று பாவாத்தாள் கேட்டாள்.

சுடவே சுடாது என்றான் அவன். அவள் சம்மதித்தாள்.

கல்யாணம் பெண் வீட்டு வாசலிலேயே நடந்தது. மேகம் இல்லாத மாதமாகப் பார்த்து, இளவெயில் விழும் காலை முகூர்த்தமாக வைத்திருந்தார்கள். நிழலுக்கு எப்படித் தாலி கட்டுவது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். கல்யாணத்தை நடத்திவைக்க வந்த அருமைக்காரர் சற்று யோசித்து, மஞ்சள் சரட்டை வெயிலில் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். சரட்டின் நிழல் மகளின் கழுத்தில் போய் விழும் இடமாகப் பார்த்து மாப்பிள்ளை கையை முன்னும் பின்னும் நகர்த்தினான். விழுந்ததும், கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டே, மேலே காற்றில் முடிச்சுப் போட்டான். மண்ணில் முடிச்சு விழுந்தது. நிழல் தலையைக் குனிந்துகொண்டது. கூடியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எந்தக் கல்யாணத்திலும் துடைப்பது போலத்தான்.

பெண்ணை அனுப்பும்போது பெற்றவள் கூடப் போவதில்லை என்பது அவர்கள் வழக்கம். மேல் மூடாத டெம்போ ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளை அதில் நின்றுகொண்டான், அவன் நிழலோடு வசந்தாமணி ஏறிக்கொண்டாள். டெம்போ படலைத் தாண்டும்போது நீண்டு கிடந்த அவள் தலை மட்டும் இன்னும் வாசலில் இருந்தது. பாவாத்தாள் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது கைக்கடியிலிருந்து மெதுவாக நழுவி, சாணம் மெழுகிய தரையைக் கடந்து, வேலியில் ஏறி இறங்கிப் போனது.

பெண்ணோடு போன நாட்ராயன் அடுத்த நாள் திரும்பி வந்தான். நல்ல சாப்பாடு சாப்பிட்ட முகமாக இருந்தான். பாவாத்தாள் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். பாலத்துக்கு இந்தப்பக்கமே ஆரத்தி எடுத்ததைச் சொன்னான், சம்பந்தியம்மா பெண்ணை வா சாமி என்று கூப்பிட்டதைச் சொன்னான், பாலத்தைத் தாண்டிப் பெண்ணும் மாப்பிள்ளையும் தோப்புக்குள் நடந்ததைச் சொன்னான். தென்னை ஓலைக்கு மேல் ஓலை, அதற்கடியில் பாக்கு, அதற்கடியில் வாழை, வாழைக்கடியில் கோகோ என்று கையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினான்.

“ஒரு பொட்டு வெயிலு மண்ணுல உழுவல புள்ள. எங்காச்சும் உழுவுதான்னு தேடித்தேடிப் பாத்தனே…”

அவன் கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே நின்றுவிட்டன. தோப்பைத் தாண்டி வீட்டுக் களத்தில் ஏறியபோது மாப்பிள்ளையின் நிழல் தனியாகத்தான் ஏறியது. நாட்ராயன் அதைப் பார்த்திருந்தான். இலை போட்டுவிட்டார்கள், வாங்க வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தார்கள், அவன் போய் உட்கார்ந்துவிட்டான். தவிட்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமல் பாவாத்தாள் அவனையே பார்த்தாள். மாடு பொறுக்காமல் அவள் தோளை முட்டியது.

அவள் அந்தச் சேலையோடேயே பஸ் ஏறினாள். நாட்ராயனும் கூட வருகிறேன் என்றான். நீங்க ஆட்டைப் பாருங்க என்று சொல்லிவிட்டாள். ஊரில் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராமாத்தாள் மட்டும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, நாங்கதான் பாத்துட்டு வந்து சொன்னோம் என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள்.

சம்பந்தியம்மா நல்லவளாகத்தான் இருந்தாள். இளநீர் வெட்டிக் கொடுத்தாள், பாய் விரித்தாள். மருமகள் எங்கே என்று கேட்டதற்கு, எங்கீங்க போறா, உள்ளதான் இருக்கறா, ஒரு தொந்தரவு இல்லை என்று தோப்பைக் கை காட்டினாள். தையில் பையனுக்கு அடுத்த கல்யாணம் வைத்திருப்பதையும், மூத்தவளைப் பெற்றவர்கள் முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்பதையும் மரியாதையாகவே சொன்னாள். பாவாத்தாள் இளநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில், ஒரே ஒரு மரத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். எந்த மரமானாலும் சரி, ஓரத்து மரமானாலும் சரி, வெயில் இறங்க ஒரு வழி இருந்தால் போதும், கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள்.

சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

“காய்க்கற மரமுங்க. பெத்த புள்ள மாதிரி. நீங்களே சொல்லுங்க, எப்படி வெட்டறது?”

பாவாத்தாள் கையை விடுவித்துக்கொண்டு இளநீரைக் கீழே வைத்தாள். எழுந்து தோப்புக்குள் போனாள்.

மரங்களுக்கு ஊடே, வாய்க்காலைக் கடந்து, ஈரச் சருகுகளை மிதித்துக்கொண்டு, அம்மிணி, அம்மிணி என்று கூப்பிட்டபடி நடந்தாள். அவளுடைய சொந்த நிழலும் அங்கே இல்லை. தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாரைத் தேடுகிறாள் என்று தெரிந்ததும், அந்தக் கோடியில் இடி விழுந்து மண்டை கருகின மரம் ஒன்று நிற்கிறது, உச்சிக்கு அங்கே கொஞ்சம் வெளிச்சம் இறங்கும், அங்கே போய்ப் பாருங்கள் அக்கா என்று வழி சொன்னார்கள்.

அவள் போய்க் காத்திருந்தாள். பொழுது உச்சிக்கு ஏறியபோது, கருகிய மரத்தின் பக்கமாக, ஒரு முறத்தின் அகலத்துக்கு வெயில் மண்ணில் இறங்கியது. அவள் ஓடிப்போய் அதன் ஓரத்தில் நின்று குனிந்து, அம்மா வந்திருக்கறேன் சாமி, வா, ஊட்டுக்குப் போலாம் என்றாள். அந்த வெளிச்சத்துக்குள் ஒரு நிழல் வந்து நின்றது. குட்டையாக, வெயிலுக்குக் குறுகி, உயிர் போன அன்று இருந்த அளவுக்கே. பாவாத்தாள் மெல்லக் கையை நீட்டினாள். நிழலும் கையை நீட்டியது. தலையை ஆட்டினாள், நிழலும் ஆட்டியது.

அது அவளுடையதுதான். உச்சிவெயிலில் எல்லோரும் அந்த அளவுதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முறத்தளவு வெளிச்சத்தில் அவள் நிழல் ஒன்றே இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இன்னொருத்தி வந்து நிற்க அதில் இடமில்லை. அவள் பின்னால் நகர்ந்தாள். இன்னும் இரண்டடி நகர்ந்து, மரத்தடியில், வெயில் தன் மேல் ஒரு துளியும் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் காலியாக இருந்தது. அதற்குள் ஒரு எறும்பு வந்து போனது. காய்ந்த குரும்பை ஒன்று விழுந்து உருண்டு நின்றது. பிறகு வெளிச்சம் சாய்ந்து, பக்கத்துப் பாக்குமரத்தின் அடியில் ஏறி, மெலிந்து, ஓலைகளுக்குள் போய்விட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. வெடித்த பாதங்களை ஈரமண்ணில் பதித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அப்படியொரு குளிர்ச்சியை அவள் உடம்பு பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை.